சிதறால் கல்வெட்டும் 14,49,087 நாட்களும்: கம்ப்யூட்டருக்கு முன்னால் நம்ம ஊரில் கணக்குப் போட்டது எப்படி?

மார்த்தாண்டத்திலிருந்து சிதறாலுக்குப் போய், மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கல் பாவிய பாதையில் ஏறினால், உச்சியில் ஒரு பெரிய பாறை கூரை போல நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். ஊர்க்காரர்கள் சொக்கன்தூங்கி மலை என்பார்கள். பழைய பெயர் திருச்சாரணத்து மலை. வருகிறவர்களில் பாதிப்பேர் செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்கள். பாறையில் உள்ள வட்டெழுத்தைப் பார்த்து நிற்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்தக் கல்வெட்டுகளில் ஒன்று, குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி இங்குள்ள பட்டாரியாருக்குப் பொன் அணிகலன் கொடுத்ததைச் சொல்கிறது. எப்போது கொடுத்தார்? ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ம் ஆட்சியாண்டில்.

சரி, அது எந்த வருஷம்? கல்லை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. அந்த மன்னன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்பது தெரிந்தால்தான் 28-ஐக் கூட்ட முடியும். அதற்கு வேறு செப்பேடுகள், வேறு கல்வெட்டுகள், ஆய்வாளர்களின் ஒப்பீடு எல்லாம் வேண்டும்.

ஆனால் இதே வட்டாரத்தில், முஞ்சிறைக்குப் பக்கத்தில் உள்ள பார்த்திவபுரத்தைப் பற்றிய செப்பேட்டில் இந்தச் சிக்கலே இல்லை. அது வருஷத்தைச் சொல்வதற்குப் பதிலாக நாளை எண்ணிச் சொல்கிறது.

ஒரே எண்ணில் ஒரு தேதி

வரகுணனுக்கு முன்னால் ஆண்ட ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் வாங்கி, பார்த்திவசேகரபுரம் என்ற பெயரில் ஒரு விஷ்ணு கோயிலும், காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு 95 மாணவர்கள் தங்கிப் படிக்கும் சாலையும் ஏற்படுத்தினான். அதைப் பதிவு செய்த செப்பேடு பிற்காலத்தில் திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில் இருந்ததால் ஹுசூர் செப்பேடு என்று பெயர் பெற்றது. அதில் தேதி இப்படி இருக்கிறது: கலியுகம் தொடங்கி 14,49,087 நாட்கள்.

இதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கலியுகம் கி.மு. 3102 பிப்ரவரி 18-ல் தொடங்கியது என்பது சோதிடக் கணக்கு. 14,49,087-ஐ 365.25-ஆல் வகுத்தால் 3,967 வருஷமும் சுமார் 140 நாளும் வரும். கி.மு. 3102-லிருந்து 3,967 வருஷம் நகர்ந்தால் கி.பி. 866 (கி.மு. 1-க்கு அடுத்தது நேரே கி.பி. 1 என்பதால் ஒன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும்). பிப்ரவரி 18-லிருந்து 140 நாள் தள்ளினால், அப்போதைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஜூலை 8-ஐ ஒட்டி வருகிறது. மன்னன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்ற சந்தேகத்துக்கு இங்கே இடமே இல்லை.

"இதுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். எக்செல் கட்டத்தில் ஒரு தேதியை அடித்துவிட்டு, அதைச் சாதாரண எண்ணாக மாற்றிப் பாருங்கள். 45 அல்லது 46 ஆயிரத்துச் சொச்சம் என்று ஏதோ வரும். 1900-ம் ஆண்டு தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணி வைத்திருக்கிறது அது. உங்கள் கையில் உள்ள போனோ 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. மாதம், வருஷம், லீப் வருஷம் எல்லாம் மனிதர் பார்ப்பதற்காக மேலே போர்த்திய துணி. உள்ளே இருப்பது ஒரே நீள எண். கணக்குப் போட அதுதான் வசதி என்று 866-ல் நம்ம ஊர்க் கணிகனுக்கும் தெரிந்திருந்தது.

அந்த எண்ணை வைத்து என்ன செய்தார்கள்?

முதலில், கிழமை கண்டுபிடித்தார்கள். கலி தொடங்கிய நாள் வெள்ளிக்கிழமை. எண்ணை 7-ஆல் வகுத்து மீதியை வெள்ளியிலிருந்து எண்ணினால் கிழமை கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-ஐ எடுத்துக்கொள்வோம். அது கலி நாள் 18,47,313. ஏழால் வகுத்தால் மீதி 6. வெள்ளியிலிருந்து ஆறு நாள் தள்ளினால் வியாழன். அன்றைக்கு வியாழக்கிழமைதான்.

அடுத்தது சந்திரன். இதுதான் கஷ்டமான வேலை. சந்திரன் வானத்தில் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்குப் பக்கத்தில் வரும்போது வேகம், தள்ளிப்போகும்போது நிதானம். இந்த வேகச் சுழற்சி ஒருமுறை முடிய 27 நாளும் சுமார் பதிமூன்றரை மணி நேரமும் ஆகும். முழு எண்ணாக வராத இந்த அளவை வைத்துத் தினமும் கணக்குப் போடுவது பெரிய தலைவலி. ஆனால் ஒன்பது சுழற்சிகளைச் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள். 110 சுழற்சிக்கு 3,031 நாள். 449 சுழற்சிக்கு 12,372 நாள்.

தமிழகத்திலும் கேரளத்திலும் புழங்கிய வாக்கிய முறையின் நெம்புகோல் இந்த மூன்று எண்கள்தான். குறிப்பிட்ட ஒரு தொடக்க நாளிலிருந்து கடந்த நாட்களை 12,372-ஆல் வகு; மீதியை 3,031-ஆல் வகு; அதன் மீதியை 248-ஆல் வகு. கடைசியில் 248-க்குக் குறைவான ஒரு எண் நிற்கும். அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள மதிப்பை எடுத்து, ஒவ்வொரு வகுத்தலுக்கும் உரிய திருத்தத்தைக் கூட்டினால் சந்திரன் இருக்கும் இடம் கிடைத்துவிடும். இன்றைய புரோகிராமர் யாரிடம் சொன்னாலும் "இது அல்காரிதம்தானே" என்பார்.

அட்டவணை எங்கே இருந்தது?

மனப்பாடத்தில். 248 நாளுக்கு 248 சிறு சொற்றொடர்கள். அவற்றுக்கு வாக்கியம் என்று பெயர். பஞ்சாங்கத்தில் "வாக்கியம்" என்று போட்டிருப்பதன் காரணமும் இதுதான். வரருசி செய்தவை என்று மரபு சொல்லும் இந்த வாக்கியங்களைப் படித்தால் ஏதோ அறிவுரை போல இருக்கும்; உள்ளே இருப்பது எண்.

எழுத்தை எண்ணாக மாற்றும் இந்த முறைக்குக் கடபயாதி என்று பெயர். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. க, ட, ப, ய நான்கும் 1. அந்தந்த வரிசையில் அடுத்தடுத்த எழுத்துகள் 2, 3 என்று போகும். ந, ஞ இரண்டும் பூஜ்யம். சொல்லை எண்ணாக்கும்போது வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'மாயாமாளவகௌளை' ராகத்தின் முதல் இரண்டு எழுத்து மா, யா: 5, 1. திருப்பினால் 15. மேளகர்த்தா வரிசையில் அது 15-வது ராகம். 'மேசகல்யாணி' என்றால் 5, 6, திருப்பினால் 65. பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்த அதே சூத்திரத்தில்தான் சந்திரன் போகும் பாதையும் அடைத்து வைக்கப்பட்டிருந்தது.

வெறும் எண்களை 248 வரிசை மனப்பாடம் செய்தால் எங்கேயாவது ஒன்று நழுவிவிடும். சொல்லாக இருந்தால் நழுவாது. ஒரு எழுத்து மாறினால் சொல்லே இடறும், காதே கண்டுபிடித்துவிடும். இப்போது டேட்டாவில் பிழை புகாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடுகளுக்கு இது ஒரு வகையில் முன்னோடி.

இது பண்டிதர்களுக்கு மட்டுமான சமாச்சாரமும் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியை விடியற்காலையில் கத்திக் கத்திப் பாடம் செய்தார்கள். கால், அரைக்கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று பின்னங்களுக்கே தனி வாய்ப்பாடு இருந்தது. நெல் அளக்கிறவர், வரி எழுதுகிற கணக்கப்பிள்ளை, கடைக்காரர் எல்லோருக்கும் அதுதான் கால்குலேட்டர். பேட்டரி வேண்டாம்.

1825: தரையில் பரப்பிய சோழிகள்

இந்த முறை எப்படி வேலை செய்தது என்பதை நேரில் பார்த்து எழுதி வைத்த ஒருவர் உண்டு. ஜான் வாரன். பிரெஞ்சுப் பிரபு குடும்பத்தில் பிறந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர். 1802-ல் பரங்கிமலை அருகே நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டனுக்கு உதவியாளராக இருந்தார். பிறகு சில ஆண்டுகள் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பைப் பார்த்தார். தென்னிந்தியர் காலக்கணக்குப் பற்றி அவர் எழுதிய 'கால சங்கலிதா' 1825-ல் மதராஸில் அச்சானது.

புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரிடம், அந்த ஆண்டு மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார் வாரன். அந்த மனிதர் தாளையும் எடுக்கவில்லை, எழுதுகோலையும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். இன்றைக்குச் சோழி என்றதும் பிரசன்னம் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும். இங்கே அது குறி சொல்ல அல்ல. ஒவ்வொரு இடத்தில் வைத்த சோழிகளும் ஒவ்வொரு இலக்கம். வாய் முணுமுணுக்கும், கை சோழியை நகர்த்தும், கூட்டும், கழிக்கும். தேவையான அட்டவணை முழுவதும் தலைக்குள் இருந்தது.

கிடைத்த விடை எப்படி? கிரகணம் பிடித்த நேரத்தில் பிசகு 4 நிமிடம்தான். நடு நேரத்தில் 23 நிமிடம். விட்ட நேரத்தில் 52 நிமிடம். தொலைநோக்கி இல்லாமல், ஒரு புத்தகம்கூட இல்லாமல், தரையில் உட்கார்ந்தபடி.

இன்னொரு விஷயத்தையும் வாரன் பதிவு செய்கிறார். கிரகணம் ஏன் வருகிறது, இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்ற வானியல் கோட்பாடு எதுவும் அந்த மனிதருக்குத் தெரியாது. எந்த எண்ணை எதோடு கூட்ட வேண்டும், எதால் வகுக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதைத் தவறில்லாமல் செய்தார்.

125 ஆண்டுகளுக்குப் பிறகு, வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் இந்தப் பதிவைப் படித்து அசந்துபோனார். 1952-ல் தமிழ் வானியல் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். காரணம், இதே 248 நாள் சுழற்சியை அவர் பாபிலோனியக் களிமண் பலகைகளில் ஏற்கெனவே பார்த்திருந்தார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய ஒரு கணக்கு முறை, எத்தனையோ மொழிகளைத் தாண்டி வந்து, 19-ம் நூற்றாண்டில் ஒரு தமிழர் கையில் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது.

அதே சமயம் லண்டனில்

கணக்கை இயந்திரத்திடம் கொடுக்கும் ஆசை ஐரோப்பாவில் அப்போது புதிதல்ல. 1642-ல் பிரான்சில் பிளேஸ் பாஸ்கல், வரி கணக்குப் பார்த்துக் களைத்துப்போன தன் அப்பாவுக்காக, பல்சக்கரங்கள் வைத்த கூட்டல் பெட்டியைச் செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு 19 வயது. பெருக்கவும் தெரிந்த இயந்திரத்தை லைப்னிட்ஸ் 1673-ல் லண்டனில் காட்டினார். அதற்கெல்லாம் முன்னால், கிரேக்கர்கள் கிரகணச் சுழற்சியைக் காட்டும் வெண்கலப் பல்சக்கரக் கருவியே செய்திருந்தார்கள். ஆண்டிகிதெரா தீவுக்கு அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-ல் அது வெளியே வந்தது.

புதுச்சேரியில் சோழி நகர்ந்த அதே காலத்தில், லண்டனில் சார்லஸ் பாபேஜுக்கு வேறு கவலை. கப்பல்காரர்கள் நம்பியிருந்த வானியல் அட்டவணைகளில் பிழைகள் மலிந்திருந்தன. கணக்குப் போட்டவர் தப்பு பண்ணுவார். படி எடுத்தவர் தப்பு பண்ணுவார். அச்சுக் கோத்தவர் தன் பங்குக்குச் சேர்ப்பார். இந்த வேலையையே இயந்திரத்திடம் விட்டால் என்ன என்று யோசித்து, 1822-ல் 'டிஃபரன்ஸ் இன்ஜின்' என்ற திட்டத்தை வானியல் சங்கத்துக்கு அறிவித்தார். அரசு ஏராளமாகப் பணம் கொடுத்தது. இயந்திரம் முடியவில்லை. 1842-ல் அரசு கையை விரித்தது. பாபேஜ் பின்னர் வரைந்த இரண்டாம் வடிவத்தின் கணக்கிடும் பகுதியை 1991-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் கட்டி முடித்தது. அது சரியாக வேலை செய்தது.

பாபேஜும் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரும் எதிர்கொண்டது ஒரே பிரச்சினை: வானக் கணக்கைப் பிழையில்லாமல் திரும்பத் திரும்பப் போடுவது எப்படி? ஒருவர் பித்தளைச் சக்கரத்தை நம்பினார். மற்றவர் பாட்டாக ஏறிய நினைவை நம்பினார்.

'கம்ப்யூட்டர்' என்பது வேலையின் பெயர்

அந்தக் காலத்தில் 'கம்ப்யூட்டர்' என்றால் ஆள்தான். கணக்குப் போடச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர். லாம்டன் தொடங்கிய அளவை இமயம் வரை போனபோது, அதில் கணிப்பாளராக 1831-ல் சேர்ந்த வங்காளி ராதாநாத் சிக்தார், பின்னாளில் தலைமைக் கணிப்பாளர் ஆனார். 'சிகரம் 15' என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்ற முடிவு அவருடைய கணக்கோடு சேர்த்துப் பேசப்படுகிறது. 1856-ல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. மலைக்குப் பெயர் வைக்கும்போது எவரெஸ்ட் என்ற அதிகாரியின் பெயர் வந்தது. கணக்குப் போட்டவர் பெயர் வரவில்லை.

சிதறால் அப்போது இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இந்த வேலை நடந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் ஏற்படுத்தினார். ஜான் கால்டெகாட் முதலில் பொறுப்பேற்றார். 1852-ல் வந்த ஜான் ஆலன் பிரௌன், அகத்தியமலை உச்சியில்கூட ஒரு கூடம் அமைத்தார். பூமியின் காந்தம், காற்றழுத்தம், வெப்பம் எல்லாவற்றையும் இரவு பகலாகக் குறித்துக் கணக்கிட்டவர்கள், அவர் பயிற்சி கொடுத்த உள்ளூர் உதவியாளர்கள்.

உலகின் பிற பகுதிகளிலும் கதை இதுதான். 1946-ல் அமெரிக்காவில் எனியாக் என்ற ராட்சத மின்னணுக் கணிப்பொறி அறிமுகமானபோது, அதை இயக்கும் முறையை வகுத்தவர்கள் ஆறு பெண்கள். அதற்கு முன்னால் அவர்கள் பார்த்த வேலையின் பெயரே 'கம்ப்யூட்டர்'. இந்தியாவுக்கு முதல் மின்னணுக் கணிப்பொறி 1955-ல் கல்கத்தா புள்ளியியல் கழகத்துக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மன் உதவியுடன் ஐ.பி.எம். 370 வந்தது 1973-ல். அதற்குள் அந்தச் சொல் மனிதரை விட்டு இயந்திரத்துக்குப் போய்விட்டது.

காரணம் தெரியாமல் விடை சொல்லலாமா?

காரணம் தெரியாமல், படிகளை மட்டும் பிசகாமல் செய்து விடை சொன்னார் அந்தப் பஞ்சாங்கக்காரர். கம்ப்யூட்டர் செய்வதும் அதேதான். அதனால் அவரைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முறையை வகுத்தவர்களின் திறமைக்கே அது சான்று: கோட்பாடு தெரியாதவர் கையில் கொடுத்தாலும் விடை வரும்படி படிகளைப் பிரித்துவைத்திருந்தார்கள்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. அட்டவணை பழசானால், காரணம் தெரியாதவரால் அதைத் திருத்த முடியாது. 248 நாள் என்பது மிக நெருக்கமான அளவுதான். துல்லியமான அளவு அல்ல. சின்னச் சின்னப் பிசகுகள் நூற்றாண்டுகள் சேர்ந்தால் பெரிதாகும். மே 31 இரவில் தப்பிய 52 நிமிடத்தின் பின்னால் அப்படிப்பட்ட தேய்மானமும் இருந்திருக்கலாம்.

திருத்தியவர்களும் இருந்தார்கள். கேரளத்தில் சங்கமகிராம மாதவர் சந்திர வாக்கியங்களை இன்னும் நுட்பமாக்கினார். பரமேசுவரர் பல்லாண்டு காலம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, கணக்கோடு ஒப்பிட்டு, 1431-ல் 'திருக்கணிதம்' என்ற திருத்திய முறையைக் கொடுத்தார். 19-ம் நூற்றாண்டில் மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். பஞ்சாங்கத்தையும் வானத்தைப் பார்த்துத் திருத்துங்கள் என்று 1880-ல் இறக்கும்வரை வாதாடினார்.

அந்த வாதம் இன்னும் முடியவில்லை. 2023-ல் நடந்த சனிப்பெயர்ச்சிக் குழப்பம் பலருக்கு நினைவிருக்கும். சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் கூட்டம் டிசம்பரில் கூடியது. "ஒரே சனி, ரெண்டு தேதியா?" என்று வீட்டுக்கு வீடு கேள்வி. சனி ஒன்றுதான். ஒரு கணக்கு பழைய அட்டவணையை அப்படியே ஓட்டுகிறது, மற்றது இன்றைய வானத்தைப் பார்த்து எண்களைப் புதுப்பித்துக்கொள்கிறது. எதைக் கொண்டாடுவது என்பது நம்பிக்கை சார்ந்தது. கிரகம் வானத்தில் எங்கே நிற்கிறது என்பதற்கு மட்டும் ஒரே விடைதான்.

இதே கதை கணிப்பொறிக்கும் உண்டு. 1970-லிருந்து விநாடி எண்ணும் பழைய கருவிகள் பலவற்றில், அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 2038 ஜனவரி 19-ல் நிரம்பிவிடும். அப்போது அவை தேதியைத் தப்பாகக் காட்டும். விஷயம் தெரிந்தவர்கள் இப்போதே திருத்தி வருகிறார்கள். வெறும் படிகளை மட்டும் ஓட்டத் தெரிந்தவர்களால் இது முடியாது. அன்றைக்கு பரமேசுவரர் செய்த வேலையை இன்றைக்கு இவர்கள் செய்கிறார்கள்.

அடுத்த முறை சிதறால் மலை ஏறினால், அந்த வட்டெழுத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அங்கே இருப்பது "மன்னனின் 28-ம் ஆண்டு" என்ற ஊர்க்கணக்கு. கூப்பிடு தூரம் இல்லை என்றாலும், பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் பார்த்திவபுரம். அங்கே யாரோ ஒரு கணிகன், பெயரைக்கூட விட்டுப் போகாதவன், 14,49,087 என்று எண்ணி வைத்துவிட்டுப் போனான். மன்னர்கள் போய், சாலை போய், 1,150 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் அந்த எண்ணை வகுத்துப் பார்த்தால் அதே நாள்தான் வருகிறது.